நோப்பியின் மூன்றாம் பாகம்

தூத்துக்குடி,
ஆகஸ்ட் 19.

மச்சான் ரெக்சனுக்கு,

அத்தான் அற்புதமணி எழுதுவது. மாதா புண்ணியத்தில் உன் அக்கா விஜிலாவும் ஜெமிமாவும் சுகம். நான் இருக்கிறேன். போனில் எழுதினால் விஜிலா படித்துவிடுவாள் என்பதால் காகிதம்.

ஜெமிமாவின் பிறந்தநாளுக்கு நீ அயர்லாந்திலிருந்து அனுப்பிய வீடியோ கேம் வந்தது. ஆறு வருடம் என்னோடு பேசாதவன் என் மகளுக்கு இவ்வளவு பெரிய பரிசு அனுப்பினால் நான் என்ன நினைக்க வேண்டும்? பிள்ளையை உன் பக்கம் இழுக்கிறாய் என்றுதான் நினைத்தேன். அம்மாவும் மகளும் அன்றைக்கே டிவியில் மாட்டிவிட்டார்கள். அவள் பள்ளிக்கூடத் தேர்வு வந்ததும் திருப்பி அனுப்பிவிடலாம் என்று அட்டைப்பெட்டியை மட்டும் பரணில் பத்திரமாக வைத்தேன்.

உள்ளே நீ எழுதி வைத்திருந்த சீட்டும் சந்தேகத்தைக் கூட்டியது. நோப்பி என்ற நீர்நாய்க்குட்டி தாவித் தாவிப் போகும் ஐந்து பாகங்கள். மூன்றாவதுதான் ஆகச் சிறந்தது, அடுத்து ஐந்து, பிறகு ஒன்று, இரண்டைத் தொடவே வேண்டாம் என்று எழுதியிருந்தாய். மூன்றில் அப்படி என்ன இருக்கிறது? இரண்டு நாள் லீவு போட்டு, ஜெமிமா பள்ளிக்கூடம் போனபின் ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்தேன். "நீர்நாய்க்கும் விசாரண வச்சாச்சா?" என்று உன் அக்கா சிரித்தாள்.

என்னைக் கேட்டால் முதல் பாகம்தான் நேர்மையானது. தப்பாகத் தாவினால் விழுவாய், அவ்வளவுதான். ஐந்தாவதில் வானவில் அதிகம். அந்தப் பனிக்கட்டி ரயில் மட்டும் அழகு. இரண்டைப் பற்றி நீ சொன்னது சரி. மூன்றாவதைத் தனியாக ஆட முடியாது. ஒரு நீர்நாய் சிப்பி எடுக்க மூழ்கும், இன்னொன்று தெப்பத்தில் நின்று கயிறு பிடிக்கும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஜெமிமா, "மாமா, இழுங்க! இழுங்க மாமா!" என்று கத்துவது யாரிடம் என்று அப்போதுதான் புரிந்தது. அயர்லாந்தில் உட்கார்ந்து இன்டர்நெட் வழியாகக் கயிறு பிடிப்பது நீ.

கயிறு பிடிக்க உனக்கு என்ன தகுதி? நம் ஊரில் முத்துக் குளிக்கிறவன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான். அக்கா தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. நாம் ஒன்றாக வேலை பார்த்த ஆபீஸில் ஒரு கன்டெய்னர் காணாமல் போய் என்மேல் விசாரணை வைத்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த நீ வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதமே விமானம் ஏறினாய்.

நேற்று ஜெமிமா கோயிலில் பாட்டுப் பயிற்சிக்கு நின்றுவிட்டாள். அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். நீ எப்படிப்பட்டவன் என்று பார்க்க, வேண்டுமென்றே ஆழத்தில் அசையாமல் கிடந்தேன். மூச்சுக்குமிழி இரண்டு மிச்சம் இருக்கும்போதே இழுத்துவிட்டாய். எடுத்த சிப்பியெல்லாம் கொட்டிப்போனது. மறுபடி கிடந்தேன், மறுபடி இழுத்தாய். மூன்றாம் தடவை ஹெட்போனில் உன் குரல் வந்தது. "முத்து கெடக்கட்டும் அத்தான். மேல வாங்க."

உடனே கழற்றி வைத்துவிட்டேன். நான்தான் என்று உனக்கு யார் சொன்னது? விஜிலாவைக் கேட்டேன். தெரியவே தெரியாது என்று மாதாமேல் சத்தியம் செய்கிறாள். எனக்கு நம்பிக்கையில்லை.

ஆபீஸ் விஷயத்தை நான் மறக்கவில்லை. அப்படி எதுவும் நினைத்துக்கொள்ளாதே. ஆனால் பரணில் இருந்த அட்டைப்பெட்டியை இன்று காலை பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன்.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்தபின் வரும் ஞாயிறும் ஜெமிமாவுக்குப் பாட்டு உண்டு. இங்கே பதினொரு மணி என்றால் அங்கே காலை ஆறரை. குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார். மாதா உன்னைக் காப்பாளாக. இந்தத் தடவை நீ மூழ்கு. கயிறு என்னிடம் இருக்கட்டும்.

உன் அத்தான்,
அற்புதமணி