யார் முதலில் வருவது

ஜெனீவா
9-1-1996

அன்புள்ள உங்களுக்கு,

பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தேன். இந்த வருஷமும் முடியவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

ஒரு நாட்டில் பதினோரு வருஷமாகச் சண்டை போடும் இரண்டு தரப்புத் தலைவர்களையும் இங்கே ஒரே விடுதியில் தங்க வைத்திருக்கிறோம். ஒருவர் மூன்றாம் மாடி, மற்றவர் ஐந்தாம் மாடி. நேருக்கு நேர் உட்கார மறுக்கிறார்கள். இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் எடுத்துப்போவது என் வேலை. ஏழு நாள் துப்பாக்கி ஓய்ந்தால் அங்குள்ள குழந்தைகளுக்கெல்லாம் தடுப்பு மருந்து கொடுத்துவிடலாம். அந்த ஏழு நாளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மலையில் குளிர் எப்படி?

உங்கள்
செவ்வந்தி


வெள்ளிமலை
27-1-1996

அன்புள்ள செவ்வந்திக்கு,

கோபமில்லை, வருத்தம்தான். உன் அம்மாவைப் பார்க்க வடக்கனந்தல் போயிருந்தேன். கேழ்வரகு புடைத்துக்கொண்டே, "பேசறதுக்கா மாப்ள சம்பளம் தர்றாங்க?" என்று மறுபடியும் கேட்டார். ஆமாம் என்றதும் சிரித்துக்கொண்டார்.

இங்கும் ஒரு சண்டை. மேல ஊர் இருசப்பனின் மாடு கீழ ஊர் பாவாடையின் சாமைக் கொல்லையில் மேய்ந்துவிட்டது. கைகலப்பில் பாவாடையின் மகனுக்குக் கை முறிந்தது. அவர் தன் நிலத்து வழியை முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். மேல ஊர்ப் பிள்ளைகள் பதினாலு பேர் அந்த வழியாகத்தான் என் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும். மூன்று வாரமாக வரவில்லை. தலைமையாசிரியன் என்று இருவரிடமும் போய் நியாயம் சொன்னேன். "அவன் வரட்டும் சார்" என்கிறார்கள் இருவருமே.

நீ இருந்தால் தேவலை. எப்போது வருகிறாய்?

தங்கதுரை


ஜெனீவா
12-2-1996

அன்புள்ள உங்களுக்கு,

நியாயம் சொல்லாதீர்கள். இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். யார்மேல் தப்பு என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். சம்மதம் வாங்கிக்கொண்டு, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மற்றவரிடம் சொல்லுங்கள்.

நேற்று ஐந்தாம் மாடிக்காரர் தன் மகளுக்குப் போலியோவில் கால் போனதைச் சொன்னார். கீழே சொல்லலாமா என்றேன். சொல்லுங்கள் என்றார்.

செவ்வந்தி


வெள்ளிமலை
4-3-1996

அன்புள்ள செவ்வந்திக்கு,

வழியைத் திறந்தால் மகன் பட்ட அடியை விட்டுக்கொடுத்ததாக ஊர் பேசும் என்று பாவாடைக்குப் பயம். போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று இருசப்பனுக்குப் பயம். இதை இங்கும் அங்குமாகச் சொல்ல ஆறு முறை ஏறி இறங்கினேன்.

போன வாரம் இருசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "நானே போறேன் சார். எவ்ளோ நாளு இப்படியே குந்திக்கினு இருக்கறது?"

நானும் பின்னால் போனேன். வாசலில் நின்றபடியே, "பையன் கை அப்படி ஆவும்னு நெனைக்கல. எம்மேலதான் தப்பு" என்றார். பாவாடை திரும்பி உள்ளே போய்விட்டார். ஒரு பாயோடு வந்து விரித்தார்.

"குந்து" என்றார்.

மறுநாள் பதினாலு பேரும் பள்ளிக்கு வந்துவிட்டார்கள்.

தங்கதுரை


ஜெனீவா
2-4-1996

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

எங்களுக்கும் ஏழு நாள் கிடைத்தது. கையெழுத்தும் தனித்தனி அறையில்தான், கைகூடக் கொடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஏழு நாளும் ஒரு குண்டு வெடிக்கவில்லை.

முழுச் சமாதானம் பேச இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். நான் பதில் சொல்லவில்லை. நீங்கள் எட்டு வருஷம் தனியாக இருந்துவிட்டீர்கள். 'வா' என்று ஒரு சொல் எழுதுங்கள். மனக்குறையில்லாமல் வந்துவிடுவேன்.

உங்கள்
செவ்வந்தி


வெள்ளிமலை
19-4-1996

அன்புள்ள செவ்வந்திக்கு,

அந்தச் சொல்லை எழுதத்தான் உட்கார்ந்தேன். எட்டு வருஷமாக எல்லாக் கடிதத்திலும் அதையேதான் எழுதியிருக்கிறேன். 'நான் வரட்டுமா' என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. பிறத்தியாருக்காக ஆறு முறை மலை ஏறி இறங்கியவனுக்கு இது தோன்றவே இல்லை.

மே மாதத்தோடு எனக்கு ஓய்வு. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். உன் அம்மாவிடம் சொன்னேன். "போய்ட்டு வாங்க, நான் இன்னா ஒண்டியாவா கீறேன்" என்றார்.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிடு. கம்பளி இங்கே வாங்கவா, அங்கே வந்து வாங்கிக்கொள்ளலாமா? அதற்கு மட்டும் சீக்கிரம் பதில் எழுது.

உன்
தங்கதுரை