மூன்றாம் சுற்று

செவ்வாய், இரவு.

இறந்துபோன என் நண்பன் அருளும் நானும் சேர்ந்து எழுதிய கணிதத் தேற்றம் இது: ஒரு பரப்பின் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டும் இடமான கிளைப்புள்ளி ஒன்று இன்னொரு கிளைப்புள்ளியை மூன்று முறை சுற்றினால், சமன்பாட்டின் தீர்வு பழையபடி திரும்பிவிடும். ஆஸ்பத்திரியில் கடைசியாக அதைத்தான் கேட்டான். “மூணு சுத்தும் போட்டுப் பாத்தியா மச்சான்?”

“பாத்துட்டேன்டா” என்றேன். ஒரு சுற்றுதான் பார்த்திருந்தேன்.

மீதி இரண்டையும் இன்று காலைதான் போட்டேன். தீர்வு திரும்பவில்லை; தேற்றம் தவறு.

சொல்லிவிடலாம் என்று சாயங்காலம் சதுரங்கப்பட்டினம் போனேன். அவன் மனைவி ஸ்டெல்லா, அந்தத் தேற்றம் வெளிவந்த கட்டுரையின் முதல் பக்கத்தை ஃபிரேம் போட்டு அவன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள்.

“இதுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியாதுண்ணா. நீங்க பாத்துட்டேன்னு சொன்னப்பறந்தான் அன்னிக்கு நிம்மதியா தூங்குனாரு.”

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு அனுப்ப வேண்டிய திருத்தக் கடிதம் மேசையில் இருக்கிறது. கட்டுரை எழுதிய இருவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம்.