ராமஞ்சேரி தாண்டி நாலு கிலோமீட்டர்

12.1.2025, ஞாயிறு

பிரியா வந்தாள், கூடவே மாப்பிள்ளை வெங்கட். முகப்பேரிலிருந்து கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லம் என்று ஆட்டோ நிறைய. பொங்கல் சீர் நான் மகளுக்குக் கொடுக்க வேண்டியது. இங்கே எல்லாம் தலைகீழ்.

வந்தவள் உட்காரவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய்த் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்ககூட வந்துடுப்பா. இந்த ஊட்டை வாடகைக்கு உட்டுடலாம்."

எல்லாம் அந்த அக்டோபர் விவகாரம். சர்க்கரை இறங்கி, குளியலறையில் விழுந்து, இரண்டு மணி நேரம் அங்கேயே கிடந்தேன். பிறகு எழுந்து, குளித்து, ரேஷன் கடைக்கும் போய் வந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. நெற்றி வீக்கத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டு இருதயராஜ் துருவித் துருவிக் கேட்டான், உளறிவிட்டேன். ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவன், அப்புறம் பிரியாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டான். நல்ல சிநேகிதன்!

என் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. என் மகள்தானே.

"ஒண்ணுமில்லியா? திருத்தணிக்கு இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டுனல்ல, நடந்து போ பாப்போம். போய்ட்டன்னா இந்த ஊட்டைப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்."

"எப்ப போணும்?"

வெங்கட் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

15.1.2025

என் வீட்டுக்காரி சுதா இருந்திருந்தால், "அப்பனும் பொண்ணும் ஒரே மண்டைக்கனம்" என்று சொல்லிவிட்டு இட்லிக்கு ஊறப் போட்டிருப்பாள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. இந்த வீட்டை விட்டு நான் எங்கே போவது? முகப்பேரில் மூன்றாவது மாடி. அங்கே நான் விருந்தாளி. காபி எப்போது வேண்டும் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

நடக்கத்தான் போகிறேன்.

21.1.2025

புதுச் செருப்பு வேண்டாம், பழையதே போதும். துண்டு இரண்டு, மாத்திரை, தண்ணீர் பாட்டில், இந்த நோட்டு. பிரியா நாலு முறை போன் செய்து, "கோவத்துல சொன்னேன்பா, உடுப்பா" என்றாள். சொன்னது சொன்னதுதான் என்று வைத்துவிட்டேன்.

22.1.2025, புதன் – திருவள்ளூர்

இருபத்திரண்டு கிலோமீட்டர்! அறுபத்திரண்டு வயசு! இரண்டு கொப்புளம், அவ்வளவுதான்.

காலை ஐந்தரைக்கு எங்கள் சேக்காட்டை விட்டுக் கிளம்பினேன். பட்டாபிராம் தாண்டும்வரை பழக்க தோஷத்தில் ரோட்டின் இடது பக்கமாகவே நடந்தேன். பின்னால் வந்த மணல் லாரி சட்டையை உரசாத குறை. டீக்கடையில் நின்ற ஒருவர் கத்தினார்: "யோவ், வண்டி ஓட்டுறன்னு நெனப்பா? எதுத்தாப்புல நட!" வாஸ்தவம். இன்டிகேட்டர் ஒன்றுதான் போடவில்லை.

திருநின்றவூரில் களைப்பாற பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்ததுதான் தப்பு. வரிசையாக மூன்று பஸ் எனக்காகவே நின்றது. எல்லாம் தெரிந்த பசங்கள். மூன்றாவது வண்டியில் குணசேகரன். அவனுக்கு கியர் போடக் கற்றுக் கொடுத்தவன் நான்.

"வாத்தியாரே, ஏறு! எங்க போணும்?"

"திருத்தணி. நடந்து."

"இன்னா வெளாட்டு இது? ஏறு வாத்தியாரே, சீட்டு காலியா கீது."

மாட்டேன் என்றேன். பயணிகள் எல்லாரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். ஒரு பையன் போட்டோகூட எடுத்தான். அப்புறம் ஸ்டாப் பக்கமே போகாமல் புளியமரமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

செவ்வாப்பேட்டை தாண்டி, நூறு நாள் வேலைப் பெண்கள் கால்வாய் ஓரம் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கேட்டாள்: "இன்னா அண்ணாத்தே, பஸ்ஸ உட்டுட்டியா?"

"ஆமாம்மா, ரிட்டையர் ஆயிட்டேன்."

ஒரே சிரிப்பு. இரண்டு சொம்பு மோர் கொடுத்தார்கள், பையில் ஒரு பிடி வேர்க்கடலையும் திணித்தார்கள். எத்தனை வருஷம் இதே இடத்தில் ஹாரன் அடித்து இவர்களை ஓரம் போகச் சொல்லியிருப்பேன்! முகம் பார்த்ததில்லை.

இரவு தங்கல் என் பழைய கண்டக்டர் ஞானசேகரன் வீட்டில். இன்னமும் என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்து விசில் அடிக்கிறான். பிரியாவுக்கு போன் செய்தேன். கொப்புளத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

23.1.2025, வியாழன் – கனகம்மாசத்திரம்

எழுதத்தான் வேண்டுமா? யார் படிக்கப் போகிறார்கள்?

எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு ஞானசேகரன் வீட்டில் இரண்டு இட்லி, மாத்திரை. அவன் மனைவி இன்னும் இரண்டு வைக்க வந்தாள், இலையை மூடிவிட்டேன். திருப்பாச்சூர், பாண்டூர், எல்லாம் நன்றாகவே போயிற்று. வழியில் ஓட்டல் இல்லாமல் இல்லை. ஆனால் என் புத்தி இருக்கிறதே! டிரைவர் உத்தியோகத்தில் ட்ரிப் முடியாமல் சாப்பிடக் கூடாது. வண்டியை நடுவழியில் நிறுத்திச் சோறு தின்ன முடியுமா? கடைசி ஸ்டாப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறப்போம். அந்தப் பழக்கத்தில், சத்திரம் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நடந்துகொண்டே இருந்தேன். அந்த வேர்க்கடலைகூடப் பையிலேயே கிடந்தது. மடையன். நானே மடையன்.

ராமஞ்சேரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கை நடுங்கியது. வேர்வை. ரோடு இரண்டாகத் தெரிந்தது. ஓடைமேல் இருந்த கல்வெர்ட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் வாயில் இனிப்பு. ஒரு அம்மா என் தாடையைப் பிடித்து வெல்லக் கட்டியைத் திணித்துக்கொண்டிருந்தாள். பெயர் நாகம்மா. அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரி, லோடு ஆட்டோவில் கத்திரிக்காய் ஏற்றிச் சத்திரத்துச் சந்தைக்குப் போகிறவள்.

"சக்கரயா நைனா? எங்க ஊட்டுக்காரருக்கும் இப்டித்தான் வரும். துன்னாம நடந்துகினு வர்றியா இந்த வெயில்ல? அறிவு கீதா?"

திட்டிக்கொண்டே தன் தூக்குவாளியைத் திறந்து மோர்சோறு ஊட்டினாள். ஊட்டினாள்! என் அம்மாவுக்கு அப்புறம் யாரும் எனக்கு ஊட்டியதில்லை. வெட்கத்தை விட்டுச் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம்தான் தப்பு நடந்தது. ஐந்து நிமிஷத்தில் நிற்க முடிந்தது. கொஞ்சம் படுத்திருந்தால் நடந்தே போயிருக்கலாம். ஆனால் அவள், "ஏறு நைனா, சத்திரத்துல எறக்கி உடறேன்" என்றதும் ஏறிவிட்டேன். யாரும் தூக்கி வைக்கவில்லை. நானே காலைத் தூக்கி வைத்து ஏறினேன். பயந்துட்டேன், அதான் உண்மை. நாலு கிலோமீட்டர் இருக்கும். கத்திரிக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தேன்.

இருபத்தாறு வருஷத்தில் ஒரு ட்ரிப் கட் செய்ததில்லை நான். டயர் வெடித்த அன்றுகூட மாற்றிக்கொண்டு போய் முடித்தேன். இப்போ பாரு.

நாகம்மா சத்திரத்தில் இருக்கும் தன் வீட்டிலேயே தங்க வைத்துவிட்டாள். வீட்டுக்காரர் சர்க்கரை மாத்திரை பெயர்களை எனக்கு ஒப்பித்துக் காட்டினார். நல்ல மனிதர்கள்.

பிரியா போன் செய்தாள். "சத்திரம் வந்துட்டேன்" என்றேன். பொய்யில்லை. ஆனாலும்...

24.1.2025, வெள்ளி – திருத்தணி

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சாப்பிட்டுக்கொண்டே நடந்தேன். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு துண்டு நீட்டினார்கள், சர்க்கரை வியாதி என்றேன், "அப்ப இளநி குடி" என்று மரத்தில் ஏறியே பறித்துப் போட்டார்கள்.

மாலை நாலு மணிக்கு மலைமேல். அத்தனை படியும் ஏறினேன். மேலே நின்று பார்த்தபோது நான் வந்த ரோடு தெரிந்தது. நான்தான் நடந்தேன். இந்தக் கால்தான். கத்தவேண்டும் போல இருந்தது.

நாலு கிலோமீட்டர் தவிர.

25.1.2025, சனி – சேக்காடு

பஸ்ஸில் திரும்பினேன். வாசலில் பிரியா, வெங்கட், தெருவே கூடியிருக்கிறது. இருதயராஜ் பொன்னாடை போர்த்தினான், அவன் மகன் கல்யாணத்தில் வந்த பழைய சால்வை. பிரியா என் போட்டோவைப் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாளாம், "எங்கப்பா!" என்று. பள்ளிக்கூடத்தில் அவளோடு வேலை பார்க்கிற டீச்சர்கள் எல்லாம் கைதட்டுகிறார்களாம்.

"நான் தோத்துட்டேன்பா. இந்த ஊட்டைப் பத்தி இனிமே பேச மாட்டேன்" என்றாள்.

சரி என்று சொல்லியிருந்தால் முடிந்தது. யாருக்குத் தெரியும்? நாகம்மா வந்து சொல்லப் போகிறாளா?

எல்லாரும் போனபிறகு சொல்லிவிட்டேன். மயங்கினது, வெல்லம், லோடு ஆட்டோ, எல்லாம். "நானேதான் ஏறினேன். பந்தயம் நீ ஜெயிச்சிட்ட. பொட்டி கட்டட்டுமா?"

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுதாள்.

"அன்னிக்கு பாத்ரூம்ல ரெண்டு மணி நேரம் கெடந்தியே, அதை ஏம்பா எங்கிட்ட சொல்லல? நீ வுழுவேன்னு எனக்கு பயம் இல்லப்பா. வயசானா யாரும் வுழுவாங்க. வுழுந்துட்டு சொல்லாமலே கெடப்பேன்னுதான் பயம். அதுக்குத்தான் கூப்ட்டேன்."

எனக்கும் கண் கலங்கிவிட்டது.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொட்டி அப்புறம். மொதல்ல அந்த நாலு கிலோமீட்டர முடி. நாளைக்கு எனக்கு லீவுதான்" என்றாள்.

26.1.2025, ஞாயிறு

ராமஞ்சேரி வரை பஸ். இறங்கி அதே கல்வெர்ட்டிலிருந்து ஆரம்பித்தோம். நாகம்மா தோட்டத்தில் இருந்தாள். பிரியாவிடம், "ஒங்கப்பா ஏற மாட்டேன்னுதாம்மா அடம் புடிச்சாரு, நான்தான் இழுத்துப் போட்டேன்" என்று எனக்காகப் புளுகினாள். "இல்லம்மா, நானேதான் ஏறினேன்" என்றேன். பிரியா என்னையே பார்த்தாள்.

நாலு கிலோமீட்டர் என்று நினைத்தேன், அஞ்சே முக்கால். பாதியிலேயே மகளுக்கு மூச்சு வாங்கியது. "இரு, இருப்பா" என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்துநாலு வயசு! நான் நின்றுகொண்டே காத்திருந்தேன், இடுப்பில் கை வைத்து. கொஞ்சம் ஜம்பமாகத்தான்.

சத்திரத்தில் இரண்டு பேரும் சாப்பிட்டோம். வீட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

2.2.2025

வெங்கட் வந்து குளியலறைச் சுவரில் கைப்பிடி அடித்துவிட்டுப் போனார். மாப்பிள்ளைக்கு ட்ரில் பிடிக்கத் தெரியும் என்பதே இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

19.2.2025, புதன்

காலை ஆறு மணிக்கு எழுந்ததும் லேசான தலைசுற்றல். சர்க்கரை மெஷினில் குத்திப் பார்த்தேன், அறுபத்து நாலுக்கு இறங்கியிருந்தது. சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு பிரியாவுக்கு நானே போன் செய்தேன்.

"எவ்ளோப்பா?"

சொன்னேன்.

"சரி, சாப்ட்டுட்டு அரை மணி நேரம் கழிச்சி இன்னொரு வாட்டி பாத்து சொல்லு. நான் ஸ்கூலுக்குக் கெளம்பறேன்" என்று வைத்துவிட்டாள்.