காக்காவுக்குக் கொடுத்த வாக்கு

என் காதை விட்டு இன்னும் வீடு மாறாத பிரியமான அம்மாவுக்கு,

நாவலை முடித்துவிட்டேன். நீ போன பிறகு நம் பிள்ளையார்பாளையத்து வீட்டில் நடந்த நல்ல காரியம் இது ஒன்றுதான். கேட்டதும் நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். "இத எவன்டா படிப்பான்?"

என் முதல் கதை பத்திரிகையில் வந்த அன்று, அதைத் தெருக்குழாயடிக்குக் கொண்டுபோனாய். முதல் வரியை மட்டும் உரக்கப் படித்துவிட்டு மடித்தாய். "ஊட்டுக்கு ஒரு கொடம் தண்ணி தூக்க மாட்டான், ஒலகத்துக்குக் கத எழுதிக்கினு இருக்கான்" என்றாய். தெருவே சிரித்தது. நான் பின்னாலேயே நின்றிருந்தேன், கையில் குடத்தோடு.

நீ செத்த அன்று அழுதேன். இனி நிம்மதியாக எழுதலாம் என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மை, கோபித்துக்கொள்ளாதே.

கருமாதியன்று குளக்கரையில் வைத்த பிண்டத்தைக் காக்கா தொடவில்லை. உனக்கு ஏதோ மனக்குறை என்றார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்வதாக அண்ணன் வாக்குக் கொடுத்தான். அப்போதும் அது மரத்தை விட்டு இறங்கவில்லை. உன் தம்பி, நம்ம மாமா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "அக்காவுக்கு உன் கவலதான்டா. கத எழுதறத உட்டுடறேன்னு சொல்லுபா, வந்துடும்."

சொன்னேன். வந்தது. அத்தனை பேரும் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அதற்கப்புறம் எழுத உட்கார்ந்தாலே உன் குரல். பட்டுக்கடையில் நாளெல்லாம் சேலை விரித்துக் காட்டிவிட்டு வந்து ஒரு வரி எழுதத் தொடங்குவேன். "தேறாது" என்பாய். அழிப்பேன். இன்னொன்று தொடங்குவேன். அதுவும் தேறாது. உயிரோடு இருந்தபோதாவது நடுவில் மூச்சு வாங்குவாய்.

ஒருநாள் அண்ணி சாம்பாரை இறக்கும்போது அப்பா சொன்னார்: "உங்கம்மா இருந்தா, வாயில வெக்கறதுக்கு முன்னாடியே உப்பு கம்மின்னுவா." எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. என் கதையிலும் நீ அப்படித்தானே உப்புப் பார்த்தாய்?

அடுத்த முறை நீ "தேறாது" என்றபோது, "இன்னும் எழுதவே இல்லையேம்மா" என்றேன். அந்த வரியை முடித்தேன். மறுபடி சொன்னாய், நானும் மறுபடி அதையே சொன்னேன். நாவல் முழுக்க இந்தச் சண்டையிலேயே எழுதியதுதான்.

போன வாரம் உன் திதி. மாடியில் இலை போட்டு வடை வைத்தேன். மாமா பழைய ஞாபகத்தில் என் வாயையே பார்த்தார். நான் திறக்கவில்லை. நாங்கள் தள்ளி நிற்பதற்குள் காக்கா வடையோடு பறந்துவிட்டது. அன்று குளக்கரையில் நாங்கள் எல்லோரும் இலையை மறித்துக்கொண்டு நின்றிருந்தோம். மாமா கூட்டத்தை விலக்கினார், அது இறங்கியது. அவ்வளவுதான் நடந்தது. என் எழுத்தை நிறுத்துவதற்காகச் சோற்றை விட்டுக்கொடுக்கிறவளா நீ?

முடித்த நாவலை முதலில் உன்னிடம்தான் காட்டத் தோன்றியது. அதுதான் கொடுமை. நீ இருந்திருந்தால் இரண்டாவது வரிக்குப் போயிருப்பாயா?

அடுத்ததைத் தொடங்கப்போகிறேன். நீயும் வருவாய், தெரியும். வருஷா வருஷம் உனக்கு வடை உண்டு, உப்புச் சரியாகப் போட்டு. வாக்கு மட்டும் இனிக் கிடையாது.

இப்படிக்கு,
உன் வாயையே கொண்டு பிறந்த
சின்ன மகன்