மூன்றாம் கட்டில்

என் மகளின் மணிக்கட்டில் இன்று காலை ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பட்டை மாட்டினார்கள். அவள் பெயரும் ஒரு நீண்ட எண்ணும் அதில் இருக்கின்றன. பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. காய்ச்சல் இறங்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்குபவள் நீதான். நீ இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது.

ஆபீஸில் நாம் சேர்ந்து செய்த அந்த மருந்து பம்ப் வேலை ஞாபகமிருக்கிறதா? நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் இயந்திரம். மருந்துகளையும், தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டிய உச்ச அளவு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதையும் நாம் படமாக வரைவோம். படத்திலிருந்து புரோகிராம் தானாக உருவாகும். அந்தப் படம் ஃபைலாகச் சேமிக்கப்படும்போது, எந்த அளவு எந்த மருந்துக்கு என்பதை மென்பொருள் மருந்தின் பெயரால் குறிக்காது. பட்டியலில் எத்தனாவது என்று இடத்தை வைத்துத்தான் குறிக்கும். வரிசை மாறாதவரை வம்பில்லை.

உனக்கோ எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். மேஜைமேல் பேனாக்கள்கூட உயரவாரியாக நிற்கும். அனுப்புவதற்கு முன் ஃபைலைத் திறந்து, மருந்துகளை அகர வரிசைப்படி கையாலேயே மாற்றி அடுக்கிவிட்டாய். அதன்பின்னும் ஃபைல் சமர்த்தாகத் திறந்தது. ஒரு பிழைச்செய்தியும் இல்லை. மதியம் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தபோது, இன்சுலினை எவ்வளவு கூட்டினாலும் அலாரம் அடிக்கவில்லை. உப்புநீருக்கு வைத்த பெரிய உச்ச அளவு இன்சுலினோடு சேர்ந்திருந்தது.

"இயேசப்பா," என்றாய். "ஃபைல் உடைஞ்சிருந்தா பயமில்லடி. நல்லாத் தெறந்து வேற எதையோ காட்டுதே, அதான் பயம்."

பழைய ஃபைலையே அனுப்பிவிடலாம் என்றார் மேனேஜர். நீ மசியவில்லை. "நாளைக்கு வேற யாராவது நடுவுல ஒரு மருந்தச் சேப்பாங்க சார். மறுபடியும் இதே கதிதான்." ஒவ்வொரு மருந்துக்கும் மாறாத அடையாள எண் ஒன்றைக் கொடுத்து, இணைப்புகள் எல்லாம் அதையே சுட்டும்படி மாற்றிய பிறகுதான் ஃபைலைக் கையிலிருந்து விட்டாய். "எத்தனாவதுன்னு எழுதாதே, யாருன்னு எழுது" என்று அதன்பின் எங்கள் எல்லோர் உயிரையும் வாங்கினாய். அந்தப் பயம் உன்னை விட்டுப் போகவே இல்லை. எனக்கும் ஒட்டிக்கொண்டது.

சற்றுமுன் இங்கே கூரை ஒழுகுகிறதென்று மூன்றாம் கட்டிலை எதிர்ப்பக்கம் தள்ளினார்கள். நான்காவதாக இருந்த மகள் இப்போது மூன்றாவது. கொஞ்ச நேரத்தில் வேறொரு நர்ஸ் ஊசியோடு வந்தார்.

"மூணாம் பெட்தானே மேடம்?"

"பேரப் பாருங்க சிஸ்டர்," என்றேன்.

அவர் பட்டையைப் படித்தார். கையிலிருந்த சீட்டைப் படித்தார். எதிர்ப்பக்கம் தள்ளிய கட்டிலுக்குப் போனார்.

மகள் தூங்குகிறாள். அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். உன் பயம் என்னிடம்தான் இருக்கிறது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்கிறேன்.