அச்சிரோவின் ஐந்து மாடுகள்

என் மழைக்குட்டி ஒகோட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொள். நலமா என்று உன்னிடம் கேட்க முடியாது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. எள் நன்றாக வந்தது. உன் அண்ணன் ஒனேன் தனியாகவே அறுத்து முடித்தான்.

நீ செத்து எட்டு மாதம். பந்து விளையாடிய இடத்தில் சண்டை வந்து உன் மேல் கல்லெறிந்தானே நியேகோ, அவன் இன்னும் சிறுவர் சீர்திருத்த இல்லத்தில்தான் இருக்கிறான். அன்றிலிருந்து அவன் அம்மா அச்சிரோ அடிபம்புக்கு வருவதில்லை. சாவுக்கு ஈடு கொடுத்துத் தீர்க்கும்வரை இரண்டு வீட்டாரும் ஒரே இடத்தில் தண்ணீர் எடுக்கக்கூடாதே. சதுப்புவரை நடந்து கலங்கல் தண்ணீரைச் சுமந்து வருகிறாள்.

போன செவ்வாய் ஊர்க்கூட்டம். உன் சாவுக்கு ஈடு பத்து மாடு என்றார்கள். ஐந்து நியேகோவின் குலம் சேர்க்கும். ஐந்து அச்சிரோ தரவேண்டும், மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பரிசமாகக் கொடுத்தவை. அவள் கொழுந்தன் எழுந்து, "பய கல்லெறிஞ்சதுக்குப் பெத்தவ வயித்தையா ஜப்தி பண்ணுவீங்க?" என்று கேட்டான். சிரித்தார்கள். நான் சொன்னேன்: "அவன் கேக்குறது சரிதான். எறிஞ்சது அவ இல்ல. எனக்கு மாடு வேண்டாம். பய வெளிய வந்து என் வயலைக் கொத்தட்டும்." எல்லோரும் புகழ்ந்தார்கள். நானும் நிமிர்ந்துதான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை அச்சிரோ வந்து வேலிக்கு வெளியேயே நின்றாள். "ஏன்க்கா, நீ பெரிய மனுஷி ஆயிட்ட. நீ ஈடு வாங்கலேன்னா நான் சாகுறவரைக்கும் சேத்துத் தண்ணி குடிக்கணுமா? நியேகோ ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சப்ப எம்பிள்ளைன்னு ஊரெல்லாம் சொன்னேன். இப்ப மட்டும் இல்லைன்னு சொல்லவா?"

ஏழு வயதில் நீ வாத்தியார் சைக்கிளை உடைத்தபோது நான்தானே ஆட்டை விற்றுக் கொடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கொடுக்காமல் இருக்க எனக்குத் தோன்றவுமில்லை.

மாட்டைக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை வருகின்றன. வழக்கப்படி அவற்றைக் கொடுத்து ஒனேனுக்குப் பெண் எடுப்போம். அவர்களுக்குப் பிறக்கும் முதல் பையனுக்கு உன் பெயர்தான். அச்சிரோவும் அவனைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று அவளிடமே சொன்னேன். அழுதாள், நான் அழவில்லை.

நீ இருக்கும் இடத்தில் பசியில்லாமல் இரு. உன் அம்மா அபேர் கேட்கிறேன்: உனக்குச் சம்மதம்தானே, மகனே?