பழுது உன் கையில் இல்லை

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு நண்பன் சவுரிராயனுக்கு ஜமால் முகம்மது எழுதுவது. இறைவன் கருணையால் இங்கே எல்லோரும் சுகம். நீ என் போனை எடுப்பதில்லை. அனுப்பும் செய்திகளையும் திறப்பதில்லை. அதனால்தான் லீவில் வந்திருந்த என் தம்பி மகன் ரய்யான் மஸ்கட்டுக்குத் திரும்பும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவன் எதிரிலேயே பிரித்துப் படி.

வளவனூர் அரிசி மில்லில் தீப்பிடித்ததற்கு நம் வயரிங் காரணமில்லை. பேனல் போர்டில் நீ முடுக்கிய இணைப்பும் காரணமில்லை.

நீ யாரிடமும் சொல்லாமல் விமானம் ஏறிய பிறகு, மில்லின் இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் சர்வேயர் அம்மா ஒருவர் வந்தார். கருகிய போர்டைப் பிரித்துத் தரையில் பரப்பினார். நான் பக்கத்திலேயே நின்றேன். கேபிள் முனைகளை இழுத்துப் பார்த்துவிட்டு, "கனெக்‌ஷன் எல்லாம் டைட்டாத்தான் இருக்கு. பிரேக்கர்தான் உள்ளேர்ந்து வெந்திருக்கு" என்றார். அதைச் சோதனைக்கு அனுப்பினார்கள். பிரேக்கர் செய்த கம்பெனியே தயாரிப்புக் கோளாறு என்று ஒப்புக்கொண்டது. வாரண்டிக் காலமும் முடியவில்லை.

நம் பாலிசியைப் போட்டுக்கொடுத்த சீனுவாசனிடம் முன்பே கேட்டிருந்தேன். "தப்பு உங்க மேலன்னு வந்தாக்கூட மில்லுக்காரர் நஷ்டத்த பாலிசி பாத்துக்கும் பாய். ஆனா கெட்டுப்போன பேர யாரு குடுப்பா?" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

ஆளே ஓடிவிட்டான், இனி என்ன விசாரணை என்று கடைத்தெருவில் கத்திய மில் முதலாளி சக்கரபாணி, நேற்று நம் கடைக்கே வந்தார். "பேஜாராப் போச்சு பாய். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அவரு எப்ப வர்றாரு?" என்று கேட்டார். புது போர்டு வேலையும் நமக்குத்தான். நாம் எழுதிக்கொடுத்த ஓராண்டு உத்தரவாதம் இன்னும் இருக்கிறதே, மீதி லைன்களையும் ஒருமுறை பார்த்துக்கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மெயினை அணைக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட மில் ஆள் பச்சைமுத்து, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். விரல்கள் நன்றாக மடங்குகின்றன. "டெய்லி வந்து பாத்துக்கினு இருந்தாரு, திடீர்னு காணோமே. என் மேல கோவமா?" என்று கேட்கிறான், பைத்தியக்காரன்.

முடிவு தெரிந்ததும் நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். ஜெயம் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தது. சொன்னதும், "நெஜமாவா பாய்? அவருக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டு, கடலை முறத்தைத் தள்ளிவிட்டு அழுதது. நீ போனதிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த பெண், அன்றைக்குச் சாப்பிடாமல் என்னை வெளியே விடவில்லை.

நீ அங்கே கிடங்கில் மூட்டை தூக்குகிறாயாம். அறையில் பல்பு போனால்கூட மாற்றுவதற்கு அடுத்த அறை ஆளைக் கூப்பிடுகிறாயாம். ரய்யான் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. வேண்டாம் சவுரி.

உடனே கிளம்பி வா என்று சொல்லமாட்டேன். விசாவுக்குப் பட்ட கடன் இருக்கும், முடித்துக்கொண்டு வா. ஆனால் இதைப் படித்த கையோடு ஜெயத்துக்கு ஒரு போன் போடு. என்ன பேசுவது என்று யோசிக்காதே. எதுவும் வரவில்லையென்றால் சும்மாவாவது லைனில் இரு. நீதான் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு தொழுகையிலும் உன் பெயரைச் சொல்லி துஆ கேட்கும்,
ஜமால்